ஃபலக்நுமா அரண்மனையில் ஓர் இரவு: மதியமே போய்விடுங்கள்

ஹைதராபாத்தில் இறங்கி, ஃபலக்நுமாவில் ஓர் இரவு தங்கிவிட்டு ஊருக்குப் போகலாம் என்று திட்டமிடுபவர்கள் மதியமே அங்கே இருக்க வேண்டும். தங்குபவர்களுக்கு அரண்மனையைச் சுற்றிக் காட்டுவது மாலையில்தான். இரவு விமானத்தில் வந்து விடியற்காலையில் கிளம்பினால் அறையை மட்டுமே பார்த்ததாகும்.

சார்மினாரிலிருந்து சுமார் 5 கி.மீ. தள்ளி, குன்றின் மேல் 32 ஏக்கரில் நிற்கிறது அரண்மனை. 1884-ல், பின்னாளில் ஹைதராபாத் சமஸ்தானத்தின் பிரதமரான விகார்-உல்-உம்ரா கட்டத் தொடங்கினார். பிறகு ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானிடம் போனது. பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்ததைத் தாஜ் குழுமம் பொறுமையாகப் பழுதுபார்த்து 2010-ல் ஓட்டலாகத் திறந்தது. 101 பேர் ஒன்றாக அமரும் சாப்பாட்டு மேசையையும், செதுக்கிய மரக் கூரை கொண்ட நூலகத்தையும் அவசரமில்லாமல் பாருங்கள். அந்த மரவேலைக்காகவே போகலாம்.

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் அசல் பாஸ்போர்ட்டோடு விசா அல்லது ஓசிஐ அட்டையையும் (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) கைப்பையிலேயே வைத்திருங்கள். அந்த விவரங்களை ஓட்டல் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குப் பதிவு செய்தாக வேண்டும். ஓசிஐ அட்டை ஊரிலுள்ள பெட்டியில் இருக்கிறது என்றால் செக்-இன் அங்கேயே நின்றுவிடும்.

பணத்தில் தவறுவது இரண்டு இடங்களில். இணையத்தில் முதலில் தெரியும் வாடகையில் பெரும்பாலும் வரி இருக்காது. ஓர் இரவுக்கு 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அடுத்தது கார்டு. இயந்திரம் டாலரா, ரூபாயா என்று கேட்டால் ரூபாயையே தேர்ந்தெடுங்கள். டாலர் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் போகும். முன்பணமாகப் பிடித்து வைக்கும் தொகை விடுபடச் சில நாள் ஆகலாம் என்பதால் டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள், ஊர்ச்செலவுக்கான பணம் அதில் மாட்டிக்கொள்ளும்.

இத்தகைய பழைய கட்டடங்களில் சுவர் கனமானது, கூரை உயரமானது. வைஃபை அறைக்கு அறை மாறும், ஏசி குளிர நேரமெடுக்கும். வேலை நிமித்தம் இணையம் தேவையென்றால் பெட்டியைப் பிரிக்கும் முன்பே சோதித்து, வேறு அறை கேளுங்கள். வயதானவர்கள் வந்தால் லிஃப்டுக்கு அருகில், படியேறத் தேவையில்லாத அறை வேண்டுமென்று முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.