மூன்றரை வருஷம், 41,000 கி.மீ.: தொலைதூரப் பயணத்துக்கு பைக் எடுக்கும்போது நான் பார்க்காமல் விட்டவை

வண்டி பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் பாதிப் பேர் அந்தப் பெயருக்காகவே சண்டைக்கு வருவீர்கள். 350 சிசி, ஒற்றை சிலிண்டர், கிட்டத்தட்ட 190 கிலோ, ஸ்போக்ஸ் சக்கரம். வீடு சென்னை குரோம்பேட்டையில். இதுவரை ஓடிய 41,000 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்துத் தெற்கே போனதுதான்.

வாங்கும்போது நான் பார்த்தது குதிரைத்திறன், டாப் ஸ்பீடு, அப்புறம் அந்தச் சத்தம். மூன்றும் வாங்கிய முதல் மாதத்தோடு சரி. திருச்சி 300 கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலை நாலரைக்குள் பெருங்களத்தூரைத் தாண்டிவிட்டால், 80-85இலேயே போய், டீ, டிபன் எல்லாம் சேர்த்து பதினோரு மணிக்குள் சேர்ந்துவிடலாம். அதற்கு 20 குதிரைத்திறன் தாராளம். வேகத்தை ஏற்ற ஏற்ற உள்ளங்கையில் எறும்பு ஊறுகிற மாதிரி அதிரும், பெரிய ஒற்றை சிலிண்டருக்கு அது பிறவிக்குணம். அது ஆகாது என்றால் இரட்டை சிலிண்டர் பாருங்கள், ஆனால் பட்ஜெட் எங்கேயோ போய் நிற்கும்.

நான் உண்மையிலேயே யோசித்திருக்க வேண்டியது சக்கரத்தை. ஸ்போக்ஸ் சக்கரம் என்றால் பெரும்பாலும் டயருக்குள்ளே டியூப் இருக்கும். போன வருஷம் மே மாதம், உளுந்தூர்பேட்டை தாண்டி, உச்சி வெயில். பின் சக்கரம் வாலாட்டுகிற மாதிரி ஆடியது. ஆணி. நிழல் தேடிக் கொஞ்ச தூரம் உருட்டினேன், அதுதான் தப்பு: காற்றில்லாத டயர் ரிம்மில் வழுக்கி, டியூபின் வால்வை அடியோடு பிய்த்துவிட்டது. மனைவி பைகளோடு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். குட்டியானைக்காரர் ஒருவர் என்னை ஏற்றிக்கொண்டு போய் பஞ்சர் கடையில் விட்டார்; கடைக்காரர் வந்து சக்கரத்தைக் கழற்றி, டியூபை வெளியே இழுத்து, வால்வைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். ஒட்ட முடியாது, அந்த சைஸ் டியூபும் அவரிடம் இல்லை. மூன்றரை மணி நேரம் போயிற்று. டியூப்லெஸ்ஸாக இருந்தால் ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் சொருகி, சின்ன பம்ப்பில் காற்றடித்துக் கால் மணி நேரத்தில் கிளம்பியிருப்போம். கல்லிலும் பள்ளத்திலும் விடப்போகிறவர்களுக்கு ஸ்போக்ஸ் வளைந்து கொடுக்கும், உண்மைதான். ஆனால் நான் ஓட்டுவது தார் ரோட்டில். இப்போது சீட்டுக்கடியில் ஒரு டியூப் நிரந்தரமாகக் கிடக்கிறது.

சீட் அடுத்தது. ஷோரூமில் பத்து நிமிஷம் ஓட்டினால் எல்லா சீட்டும் சோபாதான். வாங்கின புதிதில் ஒரு முறை மதுரை போய்விட்டு வந்ததும் மனைவி சொன்னது: "இந்த சீட்ல தாம்பரம் வரைக்கும்னா வர்றேன், மதுரைக்கு நீங்களே போயிட்டு வாங்க." உள்ளூர் சீட் கடையில் பஞ்சு மாற்றி, கொஞ்சம் அகலப்படுத்திய பிறகுதான் சமாதானம். யாரையாவது பின்னால் உட்காரவைத்துப் போகிறவர் என்றால் அவரையும் டெஸ்ட் ரைடுக்குக் கூட்டிப்போங்கள், குறைந்தது ஒரு மணி நேரம்.

எடை விஷயத்தில் எனக்கு இன்னும் ஒரே முடிவு இல்லை. ஆடி மாதம் ஆரல்வாய்மொழி பக்கம், காற்றாலைகள் நிற்கிற அந்தக் கணவாயில், காற்று வண்டியை அடுத்த லேனுக்கே தள்ளும். கனமான வண்டி அங்கே தைரியம். பின்னால் டாப் பாக்ஸ் மாட்டியிருந்தால் அது பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும், பக்கத்தில் தாழ்வாகத் தொங்கும் பைகள் எவ்வளவோ மேல். அதே 190 கிலோவைக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும்.

செலவு பெரிதாக இல்லை. லிட்டருக்கு 34 வருகிறது, டோலில் டூவீலருக்குக் கட்டணம் கிடையாது. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினுக்கு லூப் (மசகு எண்ணெய்) அடிக்கிறேன், அப்படியும் 22,000இல் செயினையும் அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும் மாற்ற வேண்டி வந்தது. கிளட்ச் கேபிள் ஒன்று கையோடு இருக்கட்டும். வாங்கும் முன் இன்னொன்றும் விசாரியுங்கள்: அந்த வண்டிக்கு கோவில்பட்டியில் கேபிள் கிடைக்குமா?

அடுத்ததாக ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 பைக் மேல் ஒரு கண். 452 சிசி, 40 குதிரைத்திறன், 17 லிட்டர் டேங்க், டியூப்லெஸ் ஸ்போக்ஸும் உண்டு. சீட் உயரம் 825 மி.மீ., நான் ஐந்தடி நாலு. கால் எட்டுகிறதா என்று சனிக்கிழமை போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவளும் வருகிறாள்.