கடல் ஏறும் நகரமும் வாஷிங்டனின் மூன்று கதவுகளும்: நார்ஃபோக்கின் நிதித் தேடல்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், செசபீக் விரிகுடாவின் வாயிலருகே அமைந்திருக்கும் நார்ஃபோக் நகரில் ஏறத்தாழ 2,38,000 பேர் வாழ்கிறார்கள். கடல் உயர்வதோடு நிலமும் தாழ்ந்துவருவதால், அங்குள்ள சூவல்ஸ் பாயிண்ட் அளவீட்டு நிலையத்தில் நூறாண்டுக்குச் சுமார் ஒன்றரை அடி என்ற வேகத்தில் நீர்மட்டம் ஏறிவருகிறது. புயல் இல்லாத நாளிலும் ஓதம் சற்று உயர்ந்தால் தாழ்வான தெருக்களில் உப்புநீர் நிற்கும். இதற்கான பணிகளை நகரின் சொத்து வரியைக் கொண்டு மட்டும் செய்து முடிக்க முடியாது என்பதால், கூட்டாட்சி அரசின் பணத்தை நகரம் நாடியாக வேண்டும். அதற்கு, வெள்ளத் தடுப்புக் கட்டுமானங்களைச் செய்யும் கூட்டாட்சி அமைப்பான ராணுவப் பொறியாளர் படையின் பெருந்திட்டம், துறைகள் நடத்தும் போட்டி மானியம், நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகப் பெறும் நேரடி ஒதுக்கீடு என்று மூன்று வழிகள் உள்ளன. பணத்தின் அளவை மட்டும் பார்த்தால் முதல் வழிக்கு இணை இல்லை. யாருடைய வீடு காப்பாற்றப்படுகிறது என்று பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது.

பொறியாளர் படையுடன் நார்ஃபோக் நடத்திய ஆய்வு 2019இல் நிறைவு பெற்றது. 2020ஆம் ஆண்டின் நீர்வள மேம்பாட்டுச் சட்டம் திட்டத்துக்கு அங்கீகாரம் அளித்தது. வெள்ளத் தடுப்புச் சுவர்கள், ஓடைகளின் குறுக்கே புயலலைத் தடுப்புக் கதவுகள், நீரேற்று நிலையங்கள் ஆகியவற்றைக் கொண்ட இத்திட்டத்தின் மதிப்பீடு பின்னர் 260 கோடி டாலராக உயர்ந்தது. இதில் 65 விழுக்காட்டைக் கூட்டாட்சி அரசும் 35 விழுக்காட்டை உள்ளூரும் ஏற்க வேண்டும். 2022 ஜனவரியில், உள்கட்டமைப்புச் சட்டத்தின் நிதியிலிருந்து ஏறத்தாழ 25 கோடி டாலர் கிடைத்தது. நகரம் தன் பங்காகத் திரட்ட வேண்டிய தொகையோ 90 கோடி டாலருக்கும் மேல்.

இந்தப் பெருந்திட்டத்தின் உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் எவ்வளவு சொத்துச் சேதம் தவிர்க்கப்படும் என்பதை வைத்தே படை தன் வரைவுகளை எடைபோட்டுவந்தது. நகர மையத்தில் கட்டடங்களின் விலை அதிகம் என்பதால் அங்கே சுவர் கட்டுவது கணக்குக்குப் பொருந்தியது. எலிசபெத் ஆற்றின் தென்கரையில், கறுப்பினத்தவர் பெருமளவில் வாழும் பெர்க்லி, கேம்பஸ்டெல்லா போன்ற பகுதிகளில் வீட்டு விலை குறைவு என்பதால் பொருந்தவில்லை. அவர்களுக்குச் சுவருக்குப் பதிலாக வீடுகளை உயர்த்துவதும் தரைக்கீழ் அறைகளை நிரப்புவதுமே பரிந்துரைக்கப்பட்டன. பல பத்தாண்டுகளாக அந்தப் பகுதிகளில் வீட்டு விலையைத் தாழ்த்தி வைத்தது இனப் பாகுபாடு. அதே விலையை அளவுகோலாக்கிப் பாதுகாப்பைப் பங்கிடுவது அநீதி என்றே நான் கருதுகிறேன். தென்கரை மக்கள் 2023இல் இதை நகர மன்றத்தில் உரக்கக் கேட்டபோது, படையுடனான ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதா, கேள்விக்கு விடை வரும்வரை காத்திருந்து கிடைத்த பணத்தை இழக்கும் அபாயத்தை ஏற்பதா என்ற இக்கட்டில் நகரம் மாட்டிக்கொண்டது. அந்த ஆண்டே ஒப்பந்தம் கையெழுத்தானது.

சட்ட அங்கீகாரம் கிடைத்துவிட்டாலே பணம் வந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. டெக்சாஸின் கால்வெஸ்டன் விரிகுடாவுக்கு 2008இல் ஐக் புயல் அடித்தபின் முன்மொழியப்பட்ட தடுப்பு, 2022இல் 3,400 கோடி டாலர் திட்டத்தின் ஒரு பகுதியாக அங்கீகாரம் பெற்றது. 2024இல் அதற்குக் கூட்டாட்சி அரசு ஒதுக்கிய தொகை 5 லட்சம் டாலர்.

போட்டி மானியத்தின் தன்மை வேறு. வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுத் துறை நடத்திய தேசியப் பேரிடர் மீள்திறன் போட்டியில், 2016 ஜனவரியில் வர்ஜீனியா 12.05 கோடி டாலர் வென்றது; அதில் பெரும்பகுதி நார்ஃபோக்கின் ஒஹாயோ கிரீக் வடிநிலத்துக்குச் சென்றது. பழைமையான செஸ்டர்ஃபீல்டு ஹைட்ஸ் குடியிருப்பும், பொது வீட்டுவசதிக் குடியிருப்பான கிராண்டி வில்லேஜும் அங்கே உள்ளன. அவற்றுக்குச் செல்லும் சாலைகளே நீரில் மூழ்கும் என்பதால் சாலை உயர்த்தப்பட்டது; கரைமேடு, சதுப்புநில மீட்பு, உயிர்க்கரை (கான்கிரீட்டுக்குப் பதிலாகத் தாவரங்களைக் கொண்டு அமைக்கும் கரை), நீரேற்று நிலையம், பூங்கா ஆகியவை ஒன்றாகத் திட்டமிடப்பட்டன. தென்கரையைக் கைவிட்ட கணக்கு இங்கே தீர்ப்பு சொல்லவில்லை. வெற்றிக்கு முக்கியக் காரணம் முன்தயாரிப்பு என்பது என் மதிப்பீடு. செஸ்டர்ஃபீல்டு ஹைட்ஸுக்கான வடிவமைப்பை உள்ளூர்ப் பல்கலைக்கழக மாணவர்கள் குடியிருப்போருடன் பேசி வரைந்திருந்தார்கள்; டச்சு வல்லுநர்களுடனான பட்டறைகளும் நடந்திருந்தன. விண்ணப்பம் கோரப்பட்ட பிறகு திட்டம் தேடும் நகரங்கள் இத்தகைய போட்டியில் பெரும்பாலும் பின்தங்கிவிடும்.

ஆனால் இந்தக் கதவு எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபெமா தொடங்கிய பிரிக் என்னும் முன்தடுப்பு மானியம் பொதுவாகச் செலவில் 75 விழுக்காட்டை ஏற்றது. 2025 ஏப்ரலில் அத்திட்டத்தை நிறுத்துவதாக ஃபெமா அறிவித்தது. பல மாநிலங்கள் நீதிமன்றம் சென்றன. அதன்பின் கட்டுமான ஒப்பந்தம் போடக் காத்திருந்த ஊர்களின் கால அட்டவணை முழுவதும் வழக்கின் கையில் போய்விட்டது. பேரிடருக்கு முன்பே தடுப்புக்குச் செலவிடும் ஒரு டாலர் பிற்பாடு பல டாலர் இழப்பைத் தவிர்க்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கும் நிலையில், இந்த முடிவை நியாயப்படுத்துவது கடினம்.

மூன்றாவது வழி எளியது, சிறியது. 2011 முதல் பத்தாண்டுகள் தடைபட்டிருந்த உறுப்பினர் ஒதுக்கீடு, 2022 நிதியாண்டுக்காக மீண்டும் வந்தது. கீழவை உறுப்பினர் ஒருவர் முதலில் பத்துத் திட்டங்கள் வரை கோரலாம் என்று விதி இருந்தது. கோரிக்கைகளை இணையத்தில் வெளியிட வேண்டும், தனக்கோ குடும்பத்தினருக்கோ நிதி ஆதாயம் இல்லை என்று சான்றளிக்க வேண்டும், லாப நோக்குள்ள நிறுவனங்களுக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு மழைநீர்க் குழாய்த் திட்டத்துக்கோ ஒரு பூங்காக் கரைக்கோ இது போதும், கடற்சுவருக்குப் போதாது. நம்பகமும் குறைவுதான்: 2025 நிதியாண்டை முழு ஆண்டுத் தொடர் தீர்மானத்தில் (புதிய நிதிச் சட்டங்களுக்குப் பதிலாகப் பழைய செலவு அளவையே பெரும்பாலும் நீட்டிக்கும் சட்டம்) முடித்தபோது, அந்த ஆண்டுக்கான ஒதுக்கீடுகள் அனைத்தும் விடுபட்டுப்போயின.

மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, நார்ஃபோக் அளவுள்ள நகரத்துக்குப் பொறியாளர் படையைத் தவிர்க்க வழியில்லை. எனினும் குறைந்த வருமானப் பகுதிகளின் பாதுகாப்பை அந்தக் கணக்கை மட்டும் நம்பி விடக் கூடாது, அங்கே போட்டி மானியத்துக்கான வரைவுகள் எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. உறுப்பினர் ஒதுக்கீட்டைக் கட்டுமானத்தைவிட வடிவமைப்புச் செலவுக்குக் கேட்பது நல்லது. உள்ளூர்ப் பங்கு என்னும் முட்டுக்கட்டை மட்டும் பெரும்பாலான கதவுகளில் நிற்கிறது. ஒரு கூட்டாட்சி நிதியை இன்னொன்றின் உள்ளூர்ப் பங்காகக் காட்டப் பொதுவாக அனுமதி இல்லை. 1974 முதல் இருந்துவரும் சமுதாய மேம்பாட்டுத் தொகுப்பு மானியம் இதற்கு முக்கியமான விதிவிலக்கு. ஆண்டுதோறும் சூத்திரப்படி வரும் அந்த நிதியில் ஒரு பகுதியைத் தென்கரைக்கான உள்ளூர்ப் பங்காக ஒதுக்கிவைப்பதை நகர மன்றம் வாஷிங்டனைக் கேட்காமலே இந்த நிதிநிலை அறிக்கையில் முடிவு செய்யலாம்.