மிதித்தால்தான் தோட்டா: டெட் ஸ்பேஸ் ரீமேக்கும் நானும்

டெட் ஸ்பேஸ் ரீமேக்கின் விலை இறங்கியிருக்கிறது என்று தெரிந்ததும் அலுவலக நண்பர் கேட்ட முதல் கேள்வி, "ரத்தம் ரொம்ப ஓவரா இருக்குமா? எங்க வீட்ல ஹால்ல ஒரே டிவிதான்" என்பது. கதை எப்படி, எத்தனை மணி நேரம் ஓடும் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. அதெல்லாம் யூட்யூபில் கொட்டிக் கிடக்கிறது. விண்கப்பலில் நடக்கும் திகில் கேம் இது, 2008-இல் வந்ததைப் புதிதாகச் செய்து 2023 ஜனவரியில் வெளியிட்டார்கள். வந்த வருடமே வாங்கினேன். முடித்தேன், மறுபடி முதலிலிருந்து ஆடினேன், ஒரு நாள் எரிச்சலில் கன்சோலிலிருந்தே அழித்தேன், அப்புறம் திரும்ப ஏற்றினேன். இப்போதும் வாரக் கடைசியில் கொஞ்சம் ஓடுகிறது. ஆகவே ரத்தத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ரத்தம் அதிகம்தான், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அதிகமா குறைவா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. திரையில் தெறிக்கிற ரத்தம் எனக்கு ஏதாவது தகவல் சொல்கிறதா, இல்லை சும்மா என் நேரத்தைத் தின்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். டெட் ஸ்பேஸ் இரண்டையும் செய்கிறது. அதுவும் ஒரே பிணத்தை வைத்துக்கொண்டு.

கேமில் நாம் ஆடும் ஐசக் கிளார்க் படைவீரன் இல்லை, பழுது பார்க்க வந்த இன்ஜினியர். கையில் இருக்கும் பிளாஸ்மா கட்டர் சுரங்க வேலைக்கான கருவி. இஷிமுரா விண்கப்பலில் திரியும் நெக்ரோமார்ஃபை, அதாவது பிணத்திலிருந்து எழுந்த ஜந்துவை, தலையில் சுட்டால் தலை போகும், உடம்பு பாட்டுக்கு ஓடி வரும். கை கால்களை அறுத்தால்தான் விழும். 2008-இல் வந்த முதல் கேமிலேயே இதுதான் விதி. கை கால்களை வெட்டு என்று சுவரில் ரத்தத்தாலேயே எழுதி வைத்திருப்பார்கள். ரீமேக்கில் அதற்கு மேல் ஒன்று செய்தார்கள். சுடச் சுடத் தோல் உரிகிறது, அடியில் சதை தெரிகிறது, அதற்கும் அடியில் எலும்பு.

கேட்க அருவருப்பாக இருக்கும். ஆடிப் பார்த்தால் அது ஒரு மீட்டர். சாதாரண எதிரி எவனுடைய தலைக்கு மேலும் உயிர்க்கோடு மிதப்பதில்லை. ஐசக்கின் உயிர் அளவுகூட அவன் உடையின் முதுகுத்தண்டில்தான் ஒளிர்கிறது. ஆகவே தோளில் எலும்பு தெரிந்துவிட்டதா, இன்னும் ஒரு குண்டு போதும், நின்று சுடலாம். சதைதான் தெரிகிறதா, பின்வாங்கு, எதிரியை மெதுவாக்கும் ஸ்டேசிஸ் போடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மீன் வெட்டுகிறவர் கத்தியை எங்கே வைப்பது என்று முள்ளைப் பார்த்தே முடிவெடுப்பாரே, அப்படி ஒரு கண் எனக்கு வந்துவிட்டது. ஃபோர்ஸ் கன்னை அருகில் வைத்து அடித்தால் சதை முழுக்கப் பிய்ந்து எலும்புக்கூடு மட்டும் தள்ளாடி நிற்கும். முதல் முறை அதைப் பார்த்தபோது சத்தமாகச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை, எந்த மூட்டை அடிக்கலாம் என்றுதான் கண் தேடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை எந்த விமர்சனமும் சரியாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. இன்ஃபெக்டர் என்று ஒரு ஜந்து வரும். தரையில் கிடக்கிற பிணத்தின் மேல் ஏறி, அதை நெக்ரோமார்ஃபாக எழுப்பிவிடும். ஒரு தடவை அதைப் பார்த்த பிறகு எந்த அறைக்குள் போனாலும் மூலையில் கிடக்கும் மனிதப் பிணத்தைப் பார்த்து, "இது எழுந்தால்?" என்று யோசிக்கத் தொடங்குகிறோம். எழுவதற்கு முன்னாலேயே கால்களை எடுத்துவிடலாமே என்று தோன்றுகிறது. எடுக்கிறோம். வேறொரு கேமில் பிணத்தை வெட்டுவது வக்கிரம், இங்கே முன்ஜாக்கிரதை. பிரெக்னன்ட் என்ற வகையில் நேர்மாறு: வயிற்றைச் சுட்டால் உள்ளிருந்து சின்ன ஜந்துக்கள் கொட்டும், ஆகவே வயிற்றைத் தொடாமல் கைகளை மட்டும் குறிவைக்க வேண்டும். வெட்டி விழுந்த கத்தி போன்ற கையை, தொடாமலே பொருளைத் தூக்கும் கைனெசிஸால் எடுத்து அடுத்தவன் மார்பில் எறிந்தால் தோட்டா மிச்சம். ரத்தம், சதை, எலும்பு எல்லாவற்றுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

இவ்வளவு புத்திசாலித்தனமாக யோசித்தவர்கள் எப்படி அந்த மிதியை அப்படியே விட்டார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

செத்து விழுந்த நெக்ரோமார்ஃபிடம் தோட்டா, காசு, மருந்து ஏதாவது இருக்கும். பக்கத்தில் போய் நின்றால் போதாது, பெரும்பாலும் மிதித்தால்தான் வரும். ஐசக் கனமான பூட்ஸைத் தூக்கி ஓங்கி மிதிப்பான், உடம்பு சிதறும், உள்ளிருந்து ஒரு டப்பா எட்டிப் பார்க்கும். தொடக்கத்தில் இதில் ஓர் அர்த்தம் இருக்கிறது. சில நெக்ரோமார்ஃப்கள் செத்தது போல நடிக்கும், ஆகவே பயத்தில் மிதிக்கிறோம். அந்தப் பயம் இரண்டாவது ஆட்டத்தில் போய்விடுகிறது. மிதி மட்டும் மிச்சம். சண்டை முடிந்து, மூச்சு வாங்கி, அடுத்த கதவுக்குப் போகலாம் என்று பார்த்தால், அறை முழுக்கச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். கையும் காலும் தனித்தனியாகக் கிடப்பதால் எது ஏற்கெனவே மிதித்தது, எது மிதிக்காதது என்பதே குழப்பம். மிதிக்காமல் போனால் அடுத்த அறையில் தோட்டா இருக்காது. திகில் கேமில் தோட்டா இல்லாமல் நிற்பது தனி சுகம்தான், ஆனால் அது என் கஞ்சத்தனத்தால் வர வேண்டும், என் சோம்பலால் அல்ல.

அப்புறம் அந்தச் சத்தம். காட்சியைக் கண் பழக்கிக்கொள்கிறது, காது பழக மறுக்கிறது. ஈரமும் உடைசலும் கலந்த ஒரு 'சதக்'. ஹெட்போனில் கேட்டால் பல் கூசும். ஹெட்போன் இல்லாமல் ஆடினால் சமையலறை வரை போகும். "என்னடா அது, யாரை அடிக்கிற?" என்று அம்மா எட்டிப் பார்ப்பார். சரி, ஒலியைக் குறைக்கலாம் என்றால், அந்த எஃபெக்ட்ஸ் ஒலியோடு சேர்ந்துதான் காற்றுக்குழாயில் ஊர்ந்து வருகிறவனின் சத்தமும் வருகிறது. அதைக் குறைத்தால் முதுகில் கத்தி.

மொபைலில் பிஜிஎம்ஐ என்ற சுடும் கேம் ஆடுகிற என் மாமா பையன் இதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல பெட்டி வராதா?" என்றான். அங்கே செத்தவன் உடனே ஒரு பெட்டியாகிவிடுவான். திற, வேண்டியதை எடு, ஓடு. குண்டு பட்டால் தெறிப்பதும், செட்டிங்கை மாற்றாவிட்டால், பச்சை நிறத்தில்தான். ஒழுக்கம் கருதிச் செய்தது என்று புரிகிறது, எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் அதன் எராங்கல் மேப்பின் புல்வெளியில் பச்சையைத் தெறிக்கவிட்டால் குண்டு பட்டதா படவில்லையா என்று கண்ணுக்கு எப்படித் தெரியும்? இந்த நிறம் மாற்றும் விளையாட்டு பழையதுதான். 1993-இல் சூப்பர் நின்டெண்டோ கன்சோலுக்கு வந்த மார்ட்டல் காம்பாட் என்ற சண்டை கேமில் ரத்தத்தைச் சாம்பல் நிற வியர்வையாக்கினார்கள். போட்டி நிறுவனமான செகாவின் பதிப்பில் ஒரு ரகசியப் பொத்தான் வரிசையை அழுத்தினால் ரத்தம் வந்துவிடும். எதைக் கூடுதலாக வாங்கினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஹால் டிவி விஷயத்துக்கு வருகிறேன். ரீமேக்கின் செட்டிங்ஸில் இரண்டு வசதிகள் உண்டு. மனதைப் பாதிக்கும் காட்சிக்கு முன்னால் எச்சரிக்கை காட்டுவது ஒன்று, அந்தக் காட்சியையே மங்கலாக்கி மறைப்பது இன்னொன்று. தேவைப்படுகிறவர்களுக்கு நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது குறிப்பிட்ட சில காட்சிகளுக்கு மட்டும். நிமிடத்துக்கு நிமிடம் நடக்கும் அறுவை அப்படியே ஓடும். 2019-இல் வந்த கால் ஆஃப் டூட்டி மாடர்ன் வார்ஃபேரில் உடல் சிதைவதையும் ரத்தத்தையும் அணைத்துவைக்க ஒரு செட்டிங் உண்டு, அணைத்தாலும் ஆட்டம் கெடாது. டெட் ஸ்பேஸில் அணைத்தால் ஆட்டமே இல்லை. நியாயமாகப் பார்த்தால் அவர்களைத் திட்ட முடியாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் இந்த கேமை ஹாலில் போடாதீர்கள், அவ்வளவுதான். நண்பருக்கும் அதையே சொன்னேன். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஆடுகிறேன் என்றார். மிதிச் சத்தத்தைப் பற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இதைப் படித்து நான் ஏதோ கல்நெஞ்சன் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தும்போது சுவரைப் பார்த்துக்கொள்கிறவன் நான். கேமிலும் அப்படித்தான். லிட்டர் லிட்டராக நெக்ரோமார்ஃப் ரத்தம் கொட்டினால் எதுவும் ஆவதில்லை. அப்படி ஒரு உடம்பு எனக்குப் பழக்கமில்லை. 2011-இல் வந்த டெட் ஸ்பேஸ் 2-இல் ஐசக்கைப் படுக்கவைத்து, கண்ணுக்கு நேராக ஒரு ஊசியை இறக்கும் கட்டம் உண்டு. ஊசியைக் கருவிழியின் நடுவில் நாமேதான் நிறுத்த வேண்டும். கண்மணி அங்குமிங்கும் ஓடும், அவன் மூச்சு இரைக்கும், கொஞ்சம் தவறினால் முடிந்தது. மொத்த கேமிலும் ரத்தம் குறைவான கட்டங்களில் அதுவும் ஒன்றாக இருக்கும். எனக்கு உள்ளங்கை வியர்த்தது அங்கேதான். ஃபார் க்ரை 3-இல் ஹீரோ தன் கையிலிருந்து தோட்டாவைப் பிடுங்கிப் போடும் அந்த ஒரு நொடி அசைவும், 2013 டோம்ப் ரைடரில் ஆற்றில் அடித்துச் செல்லப்படும் லாராவின் கழுத்தில் கம்பு ஏறும் இடமும் அப்படித்தான். கழுத்து, கை, கண்: நமக்கு வலி தெரிந்த இடங்கள்.

மார்ட்டல் காம்பாட் 11 இதற்கு நேர் எதிர். ஃபேட்டல் ப்ளோ என்ற அடியில் மண்டைக்குள் கத்தி போய் மறுபக்கம் வரும், மெதுவாக, எலும்பு தெரிய. அடுத்த நொடி அடி வாங்கியவன் எழுந்து உதைப்பான். முதல் சில முறை தமாஷ். உயிர் 30 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் அது கிடைக்கும், ஒரு மேட்சுக்கு ஒரு முறைதான் என்றாலும், அதே படத்தை அதே கோணத்தில் எத்தனை நாள் பார்ப்பது? சண்டை சூடு பிடிக்கிற நேரத்தில் கண்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். 2022 டிசம்பரில் வந்த கலிஸ்டோ புரோட்டோகாலும் இந்த வியாதிக்காரன். முதல் டெட் ஸ்பேஸை உருவாக்கிய கிளென் ஸ்கோஃபீல்டின் படைப்பு, எதிர்பார்ப்புக்குக் குறைவில்லை. ஆனால் கவனம் எல்லாம் நாம் எப்படிச் சாகிறோம் என்பதில். புதிய சாவுக் காட்சிகளை சீசன் பாஸில் சேர்த்துக் காசுக்குக் கொடுத்தார்கள். தோற்றவனை உட்காரவைத்துப் படம் காட்டுவதற்குக் கட்டணம் வேறு.

டூம் எடர்னல்தான் இந்த விஷயத்தில் கெட்டிக்காரன். எதிரியைப் பிய்த்தால் உயிர் கிடைக்கும், ரம்பத்தால் அறுத்தால் தோட்டா கொட்டும். கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்து கால் மறுபடி ஓடத் தொடங்கிவிடும். யாரையும் குனிந்து மிதிக்க வேண்டியதில்லை. பயம்தான் அதில் துளிகூட இல்லை.

மதிப்பெண் கேட்டால், டெட் ஸ்பேஸ் ரீமேக்குக்கு 10-க்கு 9. ரத்தத்தை இவ்வளவு அறிவோடு பயன்படுத்திய வேறு கேமை நான் ஆடியதில்லை. வாங்கலாமா என்று இன்று கேட்டால், வேண்டாம் என்பேன். நேற்று ராத்திரிதான் ஒரு பெரிய சண்டையை முடித்து, அறை முழுக்க மிதித்து, கடைசியில் கிடைத்தது, கேமின் கடையில் இருக்கும் பொருளை ஏக்கத்தோடு பார்க்க மட்டுமே போதுமான சில்லறை. அடுத்த வாரம் கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும். டெட் ஸ்பேஸ் 2-க்கும் இதே போல ரீமேக் வந்தால் முதல் நாளே முழு விலை கொடுத்து வாங்குவேன், மிதி இருந்தாலும் சரி. அந்த ஊசிக் கட்டத்தை மட்டும் மாமா பையனைக் கூப்பிட்டு ஆடச் சொல்லிவிட்டு நான் டீ போடப் போய்விடுவேன்.