மில் வாசலுக்கு எந்தக் கமரா? நம்பர் பிளேற் வாசிக்கப் போட்ட கணக்கு

மட்டக்களப்பில், செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் கரடியனாறு போகும் பக்கத்தில் எங்கள் அரிசி மில் இருக்கிறது. பெரும்போக வெட்டு நேரத்தில் இரவு இரண்டு மணிக்கும் நெல் லொறி வரும். அப்படி ஒரு இரவில் ஏதோ ஒரு லொறி கேற் தூணைச் சாய்த்துவிட்டுப் போய்விட்டது. காலையில் கமராப் பதிவைப் போட்டுப் பார்த்தோம். லொறி வருவது தெரிகிறது, தூண் விழுவதும் தெரிகிறது. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. தூணை நம் காசில்தான் கட்டினோம்.

அதன் பிறகு விசாரித்ததில் மூன்று வழிகள் கிடைத்தன. ஒன்று, இருக்கிற அகலக் கமராவைக் கழற்றிவிட்டு இரவிலும் கலர் தரும் 8 மெகாபிக்சல் அகலக் கமரா போடுவது. இரண்டாவது, 2.8 முதல் 12 மில்லிமீற்றர் வரை மாற்றக்கூடிய சூம் லென்ஸ் உள்ள 4 மெகாபிக்சல் கமராவை நம்பர் பிளேற்றுக்கென்றே வைப்பது. மூன்றாவது, நம்பரைத் தானே வாசித்து எழுத்தாகப் பதியும் ஏஎன்பிஆர் கமரா. நான் இரண்டாவதை எடுத்தேன். அதனால் அதன் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் எழுதுகிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கடைக்காரர்கள் முதலில் நீட்டுவது 8 மெகாபிக்சலைத்தான். பகலில் படம் அழகு, வளவு முழுவதும் தெரியும். ஆனால் நம்பர் வாசிக்க மெகாபிக்சலை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். அகலக் கமராவில் வழக்கமாக வரும் 2.8 மில்லிமீற்றர் லென்ஸ் ஏறக்குறைய 100 பாகை பார்க்கும்; மில்லிமீற்றர் கூடக்கூடப் பார்வை ஒடுங்கும். பத்து மீற்றர் தள்ளிப் போனால் அது பிடிக்கும் அகலம் கிட்டத்தட்ட 24 மீற்றர். படத்தின் குறுக்கே உள்ள 3840 புள்ளிகளை அந்த 24 மீற்றருக்கும் பங்கிட்டால் ஒரு மீற்றருக்கு 160 புள்ளிதான் வருகிறது. ஆளையோ நம்பரையோ அடையாளம் காண மீற்றருக்கு 250 புள்ளியாவது வேண்டும் என்பது கமராத் துறையில் பொதுவாகச் சொல்லும் அளவு. அதே பத்து மீற்றரில் 12 மில்லிமீற்றர் லென்ஸ் ஐந்து மீற்றர் சொச்சம்தான் பார்க்கும். வெறும் 4 மெகாபிக்சலிலேயே மீற்றருக்கு 500 புள்ளி வரை கிடைத்துவிடுகிறது. கேற்றின் அகலமும் அவ்வளவுதானே, மற்றதெல்லாம் வானமும் வீதியும்.

இது பகல் கணக்கு. காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது இரவைத்தான். நான் முதல் தடவை சறுக்கியதும் அங்கேதான்.

இருட்டில் கமரா தானாக ஷட்டரை மெதுவாக்கி வெளிச்சம் சேர்க்கும். நொடியில் 25இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், 20 கிலோமீற்றர் வேகத்தில் உள்ளே வரும் லொறி அதற்குள் 22 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். நேராக வந்தால் கலங்கல் கொஞ்சம் குறையும், பக்கவாட்டில் போனால் எழுத்தெல்லாம் ஈரச் சுவரில் கை வைத்துத் தேய்த்ததுபோல் இழுபட்டுவிடும். கலர் கமரா இரவில் அழகான படம் தருவதில் இந்த மெதுவான ஷட்டருக்கும் பெரிய பங்கு உண்டு. நிற்கிற வண்டிக்குச் சரி, ஓடுகிற வண்டிக்குச் சரிவராது.

சூம் கமராவில் ஷட்டரைக் கையால் பூட்டி வைக்கலாம். நான் ஆயிரத்தில் ஒன்றில் வைத்திருக்கிறேன். அப்போது அதே லொறி நகர்வது ஆறு மில்லிமீற்றருக்கும் குறைவு. படம் கிட்டத்தட்ட கறுப்பாகிவிடும். வளவும் தெரியாது, டிரைவரும் தெரியாது. ஆனால் நம் நம்பர் பிளேற் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் வகை என்பதால், கமராவின் அகச்சிவப்பு வெளிச்சம் பட்டதும் கறுப்புத் திரையில் பிளேற் மட்டும் பளிச்சென்று நிற்கும். மெதுவான ஷட்டரில் அந்தப் பளபளப்புத்தான் எங்கள் வெள்ளைப் பொட்டு. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்ததும் பொட்டுக்குள்ளிருந்து எழுத்து எழும்பி வந்தது. லொறியின் நிறத்தையும் ஆளையும் பார்க்க, பழைய அகலக் கமராவைக் கழற்றாமல் மேலே அப்படியே விட்டிருக்கிறேன். ஆகவே இது இரண்டு கமராச் செலவு. அதை ஒளித்துப் பயனில்லை.

ஹெட்லைட் இன்னொரு தலையிடி. வெளிச்சத்தை அமுக்கும் வசதி என்று மெனுவில் ஒன்று உண்டு, எனக்கு அது பெரிதாக உதவவில்லை. கமராவைத் திருப்பி, உள்ளே போகும் வண்டியின் பின்பக்க மஞ்சள் பிளேற்றைப் பிடித்ததும் தலையிடி பாதி தீர்ந்தது. உயரமும் முக்கியம். முதலில் கூரை விளிம்பில் வைத்தேன், மேலிருந்து பார்த்ததில் எழுத்துகள் நசுங்கித் தெரிந்தன. இப்போது ஆள் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ 30 பாகைக்கு மேல் சரியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தாழ்வாக வைத்ததற்குத் தண்டனை உமித்தூசு. அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். வலையின் ஒரு இழை லென்ஸின் முன் தொங்கினாலே இரவுப் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். வாரத்துக்கு ஒருநாள் தும்புத்தடியால் வலையைத் தட்டி, ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைக்க வேண்டும்.

ஏஎன்பிஆர் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது. கல்முனையில் தெரிந்தவர் ஒருவரின் களஞ்சியத்தில் ஒரு மாலை நின்று பார்த்ததுதான் என் அனுபவம். கார்களையும் புது லொறிகளையும் தட்டாமல் வாசித்தது. விலை பல மடங்கு. எங்கள் வாசலுக்கு வருவதோ பெட்டி பூட்டிய டிராக்டர். சிலதில் நடுவே ஸ்ரீ போட்ட பழைய நம்பர், சிலதில் பெயின்ற்றால் கையால் எழுதியது, வயலிலிருந்து நேரே வந்தால் அதன் மேல் சேறும் இருக்கும். வாங்குவதானால் உங்கள் வாசலுக்கு வரும் வண்டிகளிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் வண்டி வந்து, கணக்கும் வைக்க வேண்டிய இடமென்றால் அந்தக் காசு வீண் போகாது. எனக்கு மாதத்தில் ஒரு தடவை ஒரு நம்பரைத் தேட வேண்டும், அதற்கு என் கண்ணே போதும்.

மோட்டார் சைக்கிள்தான் இன்னும் பிடிபடவில்லை. பின் பிளேற் சிறியது, பலர் அதை மேல்நோக்கி வளைத்தும் வைத்திருக்கிறார்கள். அதற்காக 12 மில்லிமீற்றர் வரை முழுவதும் இழுத்துப் பார்த்தேன், அப்போது லொறியின் பிளேற் படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டது. இப்போது 9க்கும் 10க்கும் நடுவில் நிற்கிறது. அப்புறம் கேற்றடியில் கொங்கிரீற்றில் ஒரு சின்ன மேடு போட்டோம். அதில் ஏறும்போது எல்லா வண்டியும் ஒரு கணம் நின்றே போகிறது. கமராக் கடையில் இதை ஒருவரும் சொல்லவில்லை. செலவு ஒன்றரை மூடை சீமெந்துதான்.