கிராப்பிக்குச் செய்த தூண்டில், உன்னிச்சைத் திலாப்பியாவுக்கு எப்படி?

மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் இந்தச் சின்னத் தூண்டில் செட்டை வாங்கி இரண்டு மாதமாகிறது. 6 அடிக் கம்பு, உள்ளங்கைக்குள் அடங்கும் ரீல், ஒரு சுருள் தங்கூசி, பென்சில் போல மெல்லிய மிதப்பு நான்கு, அப்புறம் ஈயத்தலை வைத்த குட்டி முள்கள் பத்து (ஜிக் என்பார்கள்). எல்லாம் சேர்த்து 6,500 ரூபா. வாங்கலாமா என்று இரண்டு மச்சான்மார் கேட்டுவிட்டார்கள். வாங்கலாம், ஆனால் அதோடு வரும் தங்கூசியை அன்றைக்கே கழற்றிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் படம் கிராப்பி. வட அமெரிக்காவின் ஏரி குளங்களில் இருக்கும் மீன் அது. வாயோரம் கடதாசி போல மெல்லியது, முரட்டுத்தனமாக இழுத்தால் கிழிந்து முள் கழன்றுவிடும், அதனால்தான் இந்தக் கம்பின் நுனி அவ்வளவு இளக்கமாக வளைகிறது, ஜிக் ஒன்று 2 கிராம்கூட இல்லை. வெயில் ஏறினால் கிராப்பி கரையைவிட்டு விலகி, தண்ணீருக்குள் விழுந்து கிடக்கும் கிளைகளுக்கிடையில் நடுத்தண்ணீரில் நிற்கும். தன் தலைக்கு மேலே தெரிவதைத்தான் எழும்பிக் கவ்வும். ஆகவே மிதப்பை ஏற்றி இறக்கி, மீன் நிற்கிற மட்டத்துக்குச் சற்று மேலே இரையைத் தொங்கவிடுவதற்கென்றே செய்த செட் இது. நமக்குக் கிராப்பி ஏது? நமக்குத் திலாப்பியா. அதுவும் ஆபிரிக்காவிலிருந்து 1952 இல் இங்கே கொண்டுவந்து விட்டதுதான், இன்றைக்குக் குளத்து மீன் என்றால் முதலில் வாயில் வருவது அதுதான்.

வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைக் குளத்துக்குக் கொண்டுபோனேன். ஆடி மாதம், கச்சான் காற்று முகத்தில் நெருப்பாக அடிக்கிறது, சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டதால் குளம் நன்றாக இறங்கிக் கிடந்தது. முதல் நாள் பத்து மணிக்குப் போய் ஒரு கடிகூட இல்லை. காற்றுக்கு எதிரே வீசினால் 2 கிராம் ஜிக் காலடியிலேயே வந்து விழுகிறது, மிதப்போ இழுபட்டுக் கரைக்கு வந்துவிடுகிறது. இந்த செட்டின் பெரிய குறை இதுதான், கச்சான் எழும்பிய பிறகு இது உதவாது.

அடுத்த கிழமை விடியவே போய் நின்றேன். அப்போதும் உடனே கடிக்கவில்லை. சூட்டுத் தண்ணீரில் ஒட்சிசன் ஏற்கெனவே குறைவு, இரவெல்லாம் பாசியும் அதை இழுத்துக்கொள்வதால் விடிகிற நேரத்தில்தான் மிகவும் குறைந்திருக்கும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுமே தவிர இரையைத் திரும்பிப் பார்க்காது. வெயில் கொஞ்சம் விழுந்த பிறகு, ஆறரையிலிருந்து ஒன்பது வரை, மருதமர நிழலில் இடுப்பளவு ஆழத்தில் நல்ல கடி. அதுவும் வெறும் ஜிக்குக்கு இல்லை. ஈயத்தலையில் மாட்டியிருக்கும் மினுங்கும் ரப்பர் வால் பாசி தின்கிற மீனுக்கு எதற்கு? அதைப் பிடுங்கிவிட்டு மண்புழுவில் ஒரு துண்டு குத்திப் போட்டதும் மிதப்பு அசைந்தது.

மிதப்பைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். திலாப்பியா இரையை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடும், வெயில் காலத்தில் இன்னும் சோம்பலாக. மூங்கில் கம்பும் ரெஜிபோம் கட்டையுமாக இத்தனை வருடம் நான் பிடித்தபோது அந்தக் கடியில் பாதி எனக்குத் தெரிந்தே இருக்காது. இந்த மெல்லிய மிதப்பு தாழ்வதில்லை, ஒரு பக்கமாக விரலளவு நகர்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் கம்பை வெட்டி இழுக்காமல் சும்மா தூக்கினாலே போதும். அன்றைக்குப் பதினொன்று, பெரும்பாலும் கையகலம், ஒன்று மட்டும் அரைக் கிலோவுக்கு மேல். கொடுத்த 6,500 இல் பாதி அந்த மிதப்புக்கே தகும்.

தங்கூசி 6 இறாத்தல் தாங்கும் என்று எழுதியிருக்கிறது. ஒரு நடுத்தர விரால் இழுத்ததற்கே முடிச்சில் அறுந்தது, அதற்கு முன்பே சுருள்சுருளாகச் சுருண்டுகொண்டுதான் இருந்தது. வேறு சுருள் வாங்கிப் போட்ட பிறகு ஒரு தொல்லையும் இல்லை. ரீலை ஒருதரம் வாவிக்குக் கொண்டுபோனேன், உவர்த்தண்ணீர் பட்டு ஒரு கிழமையில் ஆணியெல்லாம் துரு. குளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடையைக் குறை சொல்ல முடியாது. நுனி வளையம் ஆடுகிறது என்று கொண்டுபோனபோது அண்ணன் ஒரு பேச்சுமில்லாமல் வேறு கம்பு தந்தார், தங்கூசியை ஈரமாக்கிவிட்டு முடிச்சை இறுக்கச் சொல்லிக் காட்டியும் தந்தார்.

புதிதாகப் போகிறவர்கள் தண்ணீர் விளிம்பில் குந்தியிருக்க வேண்டாம், முதலை இருக்கிற குளங்கள் இவை. பிடித்த மீனைப் பையில் போட்டுக் காலடியில் தண்ணீருக்குள் கட்டித் தொங்கவிடவும் வேண்டாம். மாலையில் போனால் பொழுதுபடுமுன் வெளிக்கிட்டுவிடுங்கள், யானை வரும். ஒரு ஐஸ் பெட்டியும் கட்டாயம், அந்தப் பதினொன்றில் நான்கு நனைந்த சாக்குக்குள் இருந்து வீடு வருமுன்னே வயிறு இளகிவிட்டது, அம்மா அதைச் சட்டியில் போடவே விடவில்லை.

நேற்றுக் கடைப்பக்கம் போனேன். கறுப்புப் பிடி போட்டது முடிந்துவிட்டது, நீலத்தில் இன்னும் இரண்டு தொங்குகிறது.