இரண்டு கைதி முகாம் படங்கள்: டேவிட் லீனா, நாகிசா ஓஷிமாவா?

ஜப்பானியப் போர்க்கைதி முகாம் என்றாலே டேவிட் லீனின் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' (1957) நினைவுக்கு வரும். ஏழு ஆஸ்கர், இலங்கையில் படப்பிடிப்பு, பிரம்மாண்டம். ஆனால் ஜப்பானியருக்குப் பாலம் கட்டவே தெரியாது என்பதுபோல் காட்டுவது உறுத்துகிறது. அந்தப் பாலம் அமைந்த சயாம்-பர்மா ரயில் பாதைப் பணியில் மாண்ட மலாயாத் தமிழர்களையோ படம் கண்டுகொள்ளவே இல்லை.

என் ஓட்டு ஜப்பானிய இயக்குநர் நாகிசா ஓஷிமாவின் 'மெர்ரி கிறிஸ்மஸ் மிஸ்டர் லாரன்ஸ்' (1983) படத்துக்கு. களம் 1942 ஜாவா. பிடிபட்டும் ஏன் உயிரோடு இருக்கிறாய் என்று முகாமின் ஜப்பானிய சார்ஜென்ட் ஹாரா, கைதியான பிரிட்டிஷ் அதிகாரி லாரன்ஸிடம் கேட்கிறான். ஏளனமல்ல, உண்மையாகவே புரியாமல். ஜப்பானிய மொழி அறிந்த லாரன்ஸுக்கு, பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்ற அந்த நியாயம் விளங்குகிறது, ஏற்கத்தான் முடியவில்லை. போர் முடிந்ததும் கைதியாவது ஹாரா. இன்னொரு கைதியாக நடிக்கும் பாடகர் டேவிட் போவியைவிட, ஹாராவாக வரும் தகேஷி கிடானோவே எனக்குப் பிடித்தவர். விறுவிறுப்பு வேண்டுவோர் லீனிடமே போகலாம், ஓஷிமா அவசரப்படுவதில்லை.