இரண்டு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைகள்: வாய் கொப்பளிப்பான்களுடன் என் அனுபவம்

மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய்க்காக 2017-இலும், நோய் திரும்பியதால் 2022-இலும், என்னுடைய ஸ்டெம் செல்களையே (இரத்த அணுக்களை உருவாக்கும் மூல உயிரணுக்களை) எடுத்துத் திரும்பச் செலுத்தும் மாற்றுச் சிகிச்சை எனக்கு நடந்தது. இரண்டு முறையும் முன்னதாக அதிக அளவில் கொடுக்கப்பட்டது மெல்பலான் என்ற கீமோ மருந்துதான். வேகமாகப் பிரியும் உயிரணுக்களை அது தாக்குவதால், புற்றுநோயோடு சேர்ந்து வாயின் உட்தோலும் உரிந்துவிடுகிறது.

முதல் முறை, டே ஜீரோ, அதாவது ஸ்டெம் செல்களைத் திரும்பச் செலுத்திய நாள் கழிந்து ஆறாம் நாள் காலையில் எச்சிலை விழுங்கும்போது கண்ணாடித் துகளை விழுங்குவதுபோல் இருந்தது. இரண்டு நாளில் கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வாய்ப்புண் அளவுகோலில் அது 3-ஆம் நிலை. மார்ஃபின் ஏற்றித்தான் இரவுகளைக் கடந்தேன்.

அப்போது நான்கு திரவங்களைப் பயன்படுத்தினேன். குளோர்ஹெக்சிடின் கிருமியைக் குறைக்கும். ஆனால் இந்தப் புண் கிருமியால் தொடங்குவதன்று, ஆகவே புண் வருவதை அது தடுக்கவில்லை. அதோடு பற்களில் பழுப்புக் கறை படிந்தது, நாக்கில் மிச்சமிருந்த ருசியும் போயிற்று. பென்சிடமின் 0.15 சதவீதக் கரைசல் முதலில் எரியும், பிறகு மரத்துப்போகும். சம அளவு நீர் கலந்த பிறகே என்னால் தாங்க முடிந்தது. தலை, கழுத்துக் கதிர்வீச்சு நோயாளிகளுக்கே அது அதிகம் பரிந்துரைக்கப்படுகிறது என்று பின்னர் அறிந்தேன். வாயை மரக்கச் செய்யும் லிடோகெயின் கலந்த கரைசல் கால் மணி நேர நிம்மதி தந்தது. ஆனால் மரத்த வாயோடு கஞ்சி குடிக்க முயன்று கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டேன், அந்தக் காயம் மற்ற புண்களைவிடத் தாமதமாகவே ஆறியது. ஆல்கஹால் கலந்த, புதினா மணக்கும் கடை வாய் கொப்பளிப்பானைத் தயவுசெய்து யாரும் தொடாதீர்கள்.

கடைசிவரை கைகொடுத்தது உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெறும் தண்ணீர்தான். கொதித்து ஆறிய ஒரு டம்ளர் நீருக்குக் கால் தேக்கரண்டி சோடா, அதில் பாதி உப்பு. என் மனைவி கைப்பேசியில் இரண்டு மணிக்கொரு முறை அலாரம் வைத்து, இரவிலும் எழுப்பி, கிட்னி ட்ரேயைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நிற்பாள். கெட்டியான சளி நூல்நூலாக வெளியேறிய பின் அரை மணி நேரமாவது பேச முடிந்தது. அதுவும் புண்ணை ஆற்றவில்லை, வாயைச் சுத்தமாகவும் ஈரமாகவும் வைத்திருந்தது; புண் ஆறியது நியூட்ரோஃபில் எனும் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டிய பிறகே.

2022-இல் ஒரே ஒரு மாற்றம். மெல்பலான் ஏறத் தொடங்கும் முன்பே ஐஸ் துண்டுகளை வாயில் அடக்கி, ஏறி முடித்த பின்னும் தொடர்ந்து, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் விடாமல் வைத்திருந்தேன். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வாய்க்கு மருந்து குறைவாகவே போய்ச் சேர்கிறது. மெல்பலான் உடலில் அதிக நேரம் தங்காததால் இது பலிக்கிறது. பல் கூசியது, நெற்றி வலித்தது. ஆனால் சிவப்பும் லேசான எரிச்சலும் மட்டுமே வந்தன. இட்லியைக் குழைத்து உண்டேன். முதல் முறையே யாராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. மெல்பலான் எடுக்கப் போகிறவர்கள், ஐஸ் உண்டா என்று முன்கூட்டியே மருத்துவக் குழுவிடம் கேளுங்கள்.

வீடு திரும்பிய பின் வாய் வறட்சி மூன்று மாதம் நீடித்தது. அதற்கும் அதே உப்புச் சோடாத் தண்ணீர்தான், நாளுக்கு நான்கு முறை, தினமும் காலையில் புதிதாகக் கலந்து.